முட்டுக்காட்டு மீன் தொட்டில்

வாசலில் எழுந்த வினா

வெள்ளிக்கிழமைதோறும் நம் கோபாலபுரத்துத் தெருவுக்கு மீன்கூடையுடன் வரும் மூதாட்டி ஒருவர் உண்டு. பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் விடியற்காலையிலேயே கூடையை நிரப்பிக்கொண்டு, மயிலாப்பூரைக் கடந்து வந்து, அவ்வை சண்முகம் சாலையை ஒட்டிய தெருக்களில் வாசல் வாசலாய் நின்று விலை கூறுவார். தவக்கால வெள்ளிகளில் அவர் குரல் கேட்ட பின்னரே நம் இல்லத்தில் அடுப்பு மூட்டுவது வழக்கம்.

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள் அவர் கூடையிலிருந்து வெள்ளித் தகடு போல் மின்னும் பெரிய மீன் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "கொடுவாம்மா! கடல்ல புடிச்சது. குளத்துல வளர்த்தது இல்ல" என்றார்.

அருகே நின்றிருந்த நம் பேத்திக்கு எட்டு வயது. கேள்விகளுக்குக் குறைவில்லாத பருவம். "தாத்தா, மீனைக் குளத்துல வளர்ப்பாங்களா? அப்போ அதுக்குக் குஞ்சு எங்கேயிருந்து வரும்?" என்றாள்.

கோழிக்குஞ்சு எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். நெல்லுக்கு நாற்றங்கால் உண்டென்பதும் தெரியும். மீனுக்கு நாற்றங்கால் எங்கே? அறுபது ஆண்டுகளுக்கு மேல் மீன் உண்டு வளர்ந்த நாம் அக்கேள்விக்கு விடையறியாது விழித்தோம். மூதாட்டியே நம்மைக் காப்பாற்றினார். "முட்டுக்காட்டுல பெரிய பெரிய தொட்டி கட்டி வெச்சிருக்காங்க. அங்கதான் குஞ்சு பொரிக்குது. பொழுது விடியற வரைக்கும் முழிச்சிருந்து பாத்துக்குவாங்க" என்று கூறிவிட்டுக் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார்.

விடிய விடிய விழித்திருந்து மீன்குஞ்சைப் பேணுவோர் யாவர்? அவர்களைக் காண வேண்டும் என்னும் ஆவல் அன்றே நம் உள்ளத்தில் எழுந்தது.

சாந்தோமிலிருந்து கழிமுகம் வரை

முன்னனுமதி பெற்றுக்கொண்டு, மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில் பேத்தியுடன் புறப்பட்டோம். கதீட்ரல் சாலை வழியே கடலை நோக்கிச் சென்று சாந்தோம் அடைந்தோம். அப்போஸ்தலர் புனித தோமையாரின் கல்லறைமீது இன்றைய வடிவில் 1896 ஆம் ஆண்டு எழுந்த பேராலயத்தில் சிறிது நேரம் முழந்தாளிட்டபின் பயணம் தொடர்ந்தது.

அதே சாந்தோம் நெடுஞ்சாலையில், தெற்கே சற்றுத் தொலைவில், நாம் காணவிருந்த பண்ணையின் தலைமையகம் இருக்கிறது. எத்தனையோ முறை அதனைக் கடந்து சென்றிருக்கிறோம்; ஒருமுறையேனும் பெயர்ப்பலகையை நின்று படித்ததில்லை. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் என்பது அதன் பெயர். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1987 ஏப்ரல் முதல் நாள் அது தோன்றியது. கடல்நீரும் நன்னீரும் கலக்கும் இடங்களில் வாழும் மீன், இறால் இனங்களை வளர்க்கும் வழிகளைக் கண்டு உழவர்க்குக் கற்பிப்பது அதன் பணி. பொரிப்பகமும் தொட்டிகளும் அமைந்த அதன் ஆய்வுப் பண்ணை, நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே முட்டுக்காட்டில் உள்ளது.

அடையாற்றைக் கடந்து, திருவான்மியூர் வழியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினோம். கடல் ஓரிடத்தில் தோன்றும். மறுகணம் மாளிகைகளுக்குப் பின்னே மறையும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீனினம் பெருகுவதற்கென அரசு விடும் ஓய்வு அது. நாம் சென்றது அந்நாட்களில்தான். சிறிய படகுகள் மட்டுமே கடலில் தென்பட்டன. "கடலுக்குக் கோடை விடுமுறையா தாத்தா?" என்று கேட்டாள் பேத்தி. நல்ல விளக்கம் என்று எண்ணிக்கொண்டோம்.

முட்டுக்காட்டில் சாலைப் பாலத்தின் இருபுறமும் நீர் விரிந்து கிடக்கிறது. பக்கிங்காம் கால்வாயோடு இணைந்த இக்காயல், மழைக்காலத்தில் மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலைத் தழுவும். கோடையில் மணல் மீண்டும் அதன் வாயை அடைப்பதுண்டு. படகுச் சவாரிக்கு வருவோர் இந்நீரின் அழகை மட்டுமே காண்கின்றனர். கொடுவா மீனுக்கோ இத்தகைய கழிமுகம் பிறவியோடு ஒட்டிய வழி. ஆற்றிலும் காயலிலும் வளர்ந்து பருவமடைந்த மீன், முட்டையிடும் காலத்தில் உப்பு மிகுந்த நீரைத் தேடி முகத்துவாரத்தை அடைகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் பெருகும் அலையோடு மீண்டும் உள்நீருக்குள் நுழைகின்றன. முகத்துவாரம் அடைபட்டாலோ, நீர் மாசுற்றாலோ, இந்தப் போக்குவரத்து நின்றுவிடும். ஆகவே குளத்தில் கொடுவா வளர்க்க விரும்பும் உழவர் இயற்கைக் குஞ்சை மட்டும் நம்பியிருக்க இயலாது. பொரிப்பகம் தேவைப்படுவது இதனால்தான்.

தாய் மீன்களின் இல்லம்

தமிழகத்திற்கு இக்கலை முற்றிலும் புதியதன்று. சென்னை மாகாணத்தில் சர் பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் மீன்துறை தொடங்கியது 1907 ஆம் ஆண்டில். அக்காலத்திலேயே நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் மீனுக்குப் பொரிப்பகம் அமைந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒரிசாவில் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர், கெண்டை இன மீன்களை ஊசி மருந்தால் முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அந்நாளையே நம் நாடு மீன் உழவர் தினமாகக் கொண்டாடுகிறது. கொடுவாவைச் சிறையில் இனம்பெருக்கும் முறை 1970-களின் தொடக்கத்தில் தாய்லாந்து நாட்டில் உருவாயிற்று. இந்தியாவில் அது முதன்முதலாகக் கைகூடியது இந்த முட்டுக்காட்டில், 1997 ஆம் ஆண்டில். பால் கெண்டை என்னும் மீனும் 2015 ஆம் ஆண்டு இங்கேயே தொட்டியில் முட்டையிட்டது.

இச்செய்திகள் நூல்களில் உள்ளன. நூல்களில் இல்லாதவற்றை நமக்குக் காட்டியவர், அங்கே பணிபுரியும் ஒரு நடுத்தர வயதினர். கோவளத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வலை வீசினார். மகன் குஞ்சு வளர்க்கிறார். கார்மேல் அன்னையின் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றவர் என்று அறிந்ததும் நமக்கும் அவருக்கும் இடையே ஓர் உறவு பிறந்துவிட்டது.

முதலில் அவர் அழைத்துச் சென்றது தாய் மீன்களின் தொட்டிக்கு. ஒவ்வொன்றும் நூறு டன் நீர் கொள்ளும் கான்கிரீட் தொட்டி. உள்ளே நிழல்கள் மெல்ல அசைந்தன. "ரெண்டு அடி தள்ளி நில்லு பாப்பா. பயந்தா துள்ளும், உடம்புல அடிபட்டுக்கும்" என்றார். மத்தி போன்ற சிறு மீன்களைத் துண்டாக்கி நாள்தோறும் இரையிடுகின்றனர். மிஞ்சிய இரையை அகற்றி, தொட்டி நீரின் பெரும்பகுதியை அன்றாடம் மாற்றுகின்றனர். எந்த மீன் இரை எடுக்கவில்லை என்பதை இரையிடுபவரின் கண்ணே முதலில் கண்டுகொள்ளும்.

கொடுவாவின் பிறவியில் ஒரு விந்தை உண்டு. முதலில் ஆணாகப் பருவமடையும். சில ஆண்டுகள் கழிந்து, உடல் பெருத்தபின் பெண்ணாக மாறிவிடும். ஆகவே தாய் மீன் ஒன்று கிடைக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அத்தகைய ஒரு மீனை இழப்பது பல ஆண்டு உழைப்பை இழப்பதாகும்.

முட்டை முற்றியதா என்று பார்க்கும் நாளில் தொட்டி நீரைக் குறைத்து, மயக்க மருந்திட்ட நீரில் மீனை அடக்கி, மெல்லிய குழாயால் சில முட்டைகளை எடுத்து நுண்ணோக்கியில் அளக்கின்றனர். குறுக்களவு 0.45 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பின் மீன் ஆயத்தம். ஹார்மோன் மருந்தை அதன் உடலில் செலுத்தி, ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் தொட்டியில் விடுகின்றனர். முப்பது முதல் முப்பத்தாறு மணி நேரத்தில் முட்டையிடும். அளப்பவர் அறிஞர்; மீனைத் தாங்கி நிற்பவர் தொழிலாளர். பல கிலோ எடையுள்ள மீன் ஒருமுறை துள்ளினால் செதில் உதிரும், காயம் பழுக்கும். பச்சைக் குழந்தையை நீராட்டும் தாயின் பதம் அக்கைகளுக்கு வேண்டும்.

பச்சை நீர் காப்போர்

முட்டையிடுவது பெரும்பாலும் இரவில். மிதக்கும் முட்டைகள் நல்லவை. அடியில் தங்குபவை கருத்தரிக்காதவை. மிதப்பவற்றை மெல்லிய துணிவலையால் சேகரித்துப் பொரிப்புத் தொட்டிக்கு மாற்றுகின்றனர். ஒரு முட்டையின் அளவு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர். பதினேழு, பதினெட்டு மணி நேரத்தில் குஞ்சு வெளிவருகிறது. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் மொண்டு வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துக் காட்டினார். நமக்கு ஒன்றும் தெரியவில்லை. பேத்திதான், "கண்ணு! கண்ணு மட்டும் தெரியுது!" என்று கூவினாள்.

பிறந்த குஞ்சு தன் வயிற்றோடு ஒட்டிய கருவுணவில் வாழும். மூன்றாம் நாள் வாய் திறக்கும். திறந்த வாய்க்கு அக்கணமே இரை வேண்டும். அவ்வளவு சிறிய வாய்க்குள் செல்லும் இரை யாது? ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர். ரோட்டிஃபருக்கு இரை யாது? கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. ஆகவே மீன் முட்டையிடுவதற்கு முன்னதாகவே பாசியை வளர்க்கத் தொடங்க வேண்டும். பாசி பெருகிய பின் அதில் ரோட்டிஃபரைப் பெருக்க வேண்டும்.

இதற்கென ஓர் அறை உண்டு. குளிரூட்டிய அவ்வறையில், விளக்கொளியில், கண்ணாடிக் குடுவைகளில் பச்சை நீர் வரிசையாய் நிற்கிறது. சிறு குடுவையிலிருந்து பெருங்குடுவைக்கு, அங்கிருந்து வாளிக்கு, பின் வெளியே உள்ள தொட்டிக்கு என்று அது படிப்படியாகப் பெருகுகிறது. நம் வீட்டில் சிறிது உறைமோர் ஒரு பானைப் பாலைத் தயிராக்குவது போல. அவ்வறையில் இருந்த பெண்மணி கை கழுவாமல் எதையும் தொடவில்லை. நம்மையும் வாசலோடு நிறுத்திவிட்டார். வேண்டாத ஓர் உயிர் குடுவையில் புகுந்தால் பச்சை நீர் ஒரே நாளில் பழுப்பாகிவிடுமாம். பாசி கெட்டால் ரோட்டிஃபர் இல்லை. ரோட்டிஃபர் இல்லையேல் வாய் திறந்த குஞ்சுகள் இரையின்றி மடியும்.

எட்டு, ஒன்பது நாட்களுக்குப் பின் ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிர் இரையாகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரி இதற்குப் பேர்பெற்றது. அதன் முட்டை உலர்ந்த தூள் போல் டின்களில் அடைபட்டு வருகிறது. உப்பு நீரில் இட்டால் ஒரு நாளில் உயிர்பெற்று நீந்துகிறது! உலகின் மறுகோடியில் உறங்கிய உயிர் முட்டுக்காட்டில் விழித்து ஒரு கொடுவாக் குஞ்சின் பசியாற்றுவதைக் கண்டு வியந்தோம்.

உடன்பிறப்பை விழுங்கும் குலம்

இரை கொடுத்தால் மட்டும் போதாது. கொடுவா, தன்னைவிடச் சிறிய உடன்பிறப்பை விழுங்கும் இயல்புடையது. ஒரே நாளில் பிறந்த குஞ்சுகளில் சில வேகமாய் வளரும். அவற்றைப் பிரிக்காவிட்டால், பல ஆயிரம் இருந்த தொட்டியில் கொழுத்த சிலவே எஞ்சும். ஆகவே சில நாட்களுக்கு ஒருமுறை, அளவான துளைகளுள்ள தட்டுகளால் குஞ்சுகளைச் சலித்துப் பெரியது, நடுத்தரம், சிறியது எனப் பிரிக்கின்றனர். தொட்டியின் விளிம்பில் மணிக்கணக்கில் குனிந்து நின்று, நீரைவிட்டு அதிக நேரம் எடுக்காமல், நசுங்காமல், சிந்தாமல் செய்யும் பணி இது. இதனோடு நாள்தோறும் குழாயால் அடிக்கழிவை உறிஞ்சி அகற்ற வேண்டும். உறிஞ்சிய கழிவையும் அப்படியே கொட்டிவிடுவதில்லை. வெள்ளைத் தட்டில் ஊற்றி, அகப்பட்டுக்கொண்ட உயிருள்ள குஞ்சுகளைக் கரண்டியால் தேடி எடுத்து மீண்டும் தொட்டியில் விடுகின்றனர்.

"இவ்வளவு குஞ்சு இருக்கே. ரெண்டு மூணு போனா என்ன?" என்று பேத்தி கேட்டாள். அவர் தலை நிமிராமலே விடை கூறினார்: "ரெண்டு மூணுதானேன்னு ஆரம்பிச்சா தொட்டியே போயிடும் பாப்பா."

இருபத்தைந்து நாட்கள் இவ்வாறு காத்தபின் குஞ்சு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. பின்னர் நாற்றங்காலில் விரலளவு வளர்ந்து, பிராணவாயு நிரப்பிய பைகளில் உழவரின் குளத்திற்குப் பயணமாகிறது. பிறந்தவற்றுள் பெரும்பகுதி அந்நாளைக் காண்பதில்லை. எஞ்சியவை அத்தனையும் ஒரு கையால் பலமுறை எடுத்துக் காக்கப்பட்டவை.

விளக்கு எரிந்தது, காற்று நின்றது

மதிய உணவின்போது வேப்பமர நிழலில் அமர்ந்தோம். எங்கும் ஒரே சீரான இரைச்சல். தொட்டிகளுக்குக் காற்றைச் செலுத்தும் புளோயரின் ஓசை அது. "இந்தச் சத்தம் இரவும் பகலும் உண்டா? உறக்கம் வருமா?" என்று வினவினோம். "சத்தம் இருந்தாத்தாங்க ஐயா தூக்கம் வரும். நின்னா முழிப்பு வந்துடும்" என்றவர், சற்று மௌனமாயிருந்து, தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூறினார்.

இருபத்திரண்டு வயதில், தெற்கே வெகு தொலைவில் ஓர் இறால் பொரிப்பகத்தில் அவர் இரவுப் பணியாளராயிருந்தார். மணமாகி மூன்று மாதம். ஓர் ஐப்பசி மழையிரவில் மின்சாரம் நின்றது. ஓடிச் சென்று ஜெனரேட்டரை இயக்கினார். விளக்குகள் எரிந்தன. எல்லாம் சரியாயிற்று என்று எண்ணி, நனைந்த உடையை மாற்றிக்கொண்டு சற்றே சாய்ந்தார். ஆனால் மின்சாரம் மீண்ட அதிர்ச்சியில் புளோயரின் பெல்ட் அறுந்து போயிருந்தது. ஜெனரேட்டரின் பேரிரைச்சலில், நின்றுபோன அந்த ஓசையை அவர் காது உணரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துச் சென்று பார்த்தபோது தொட்டிகளின் அடி முழுவதும் வெண்மையாயிருந்தது. இருபது நாள் உழைப்பு, இலட்சக்கணக்கான உயிர். அக்குஞ்சை நம்பி முன்பணம் கட்டியிருந்த உழவர்கள் விடிந்ததும் வண்டியோடு வந்து நின்றனர்.

"முதலாளி திட்டினது மறந்து போச்சு ஐயா. அந்த மூணு மாச சம்பளம் போனதும் மறந்து போச்சு. அந்த வண்டிங்க வெறுமனே திரும்பிப் போனதுதான் மறக்கல" என்றார். "அன்னையிலேருந்து கரண்ட் போய் வந்தா விளக்கைப் பார்க்க மாட்டேன். நேரா போய்த் தண்ணியில கைய வெப்பேன். காத்துக் குமிழி கையில பட்டாத்தான் எனக்கு நம்பிக்கை."

நாம் ஒன்றும் பேசவில்லை. சென்னையை 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் தாக்கியதும், நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்ததும் நம் நினைவுக்கு வந்தன. குளிர்பெட்டியில் வைத்த பால் கெட்டுவிட்டதே என்று நாம் புலம்பிய அந்த இரவுகளில், இக்கரையெங்கும் எத்தனை பேர் இருளில் தொட்டி தொட்டியாய்க் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தனரோ!

அவர்களுக்குப் பண்டிகையும் ஞாயிறும் இல்லை. மீன்குஞ்சுக்குக் கிறிஸ்து பிறப்பு விழாவென்றும் பொங்கலென்றும் தெரியாது. மூன்றாம் நாள் வாய் திறந்தே தீரும். ஆகவே அவர்கள் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டுள்ளனர். டிசம்பர் 24 இரவில் இவர் நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்ல, இந்து நண்பர் ஒருவர் இவருடைய முறையை ஏற்கிறார். தீபாவளி, பொங்கல் இரவுகளில் அந்நண்பரின் தொட்டிகளை இவர் காக்கிறார். எவ்விதப் பிரசங்கமும் இன்றி நடைபெறும் இந்த நல்லுறவு நம் நெஞ்சைத் தொட்டது.

மீண்டும் கோபாலபுரம்

விடைபெறுமுன் பேத்தி ஒரு வேண்டுகோள் விடுத்தாள். தானும் நீரில் கை வைக்க வேண்டுமாம். கையைக் கழுவச் செய்து, குஞ்சுகள் இல்லாத ஒரு தொட்டியருகே தூக்கிப் பிடித்தார். காற்றுக் கல்லுக்கு மேலே விரல்களை விரித்தாள். "குறுகுறுங்குது!" என்று சிரித்தாள். "அதான் உசுரு" என்றார் அவர்.

வீடு திரும்பிய சில நாட்களுக்குப் பின், ஓர் இரவு கோபாலபுரத்தில் மின்சாரம் நின்றது. இரண்டு நிமிடத்தில் விளக்குகள் மீண்டும் எரிந்தன. நாம் புத்தகத்தை மறுபடியும் கையில் எடுத்தோம். பேத்தியோ சன்னலருகே சென்று இருளைப் பார்த்தவாறு, "தாத்தா, அந்த மாமா இப்போ தண்ணியில கை வெச்சிருப்பாரா?" என்று கேட்டாள்.

அன்பார்ந்த வாசகர்களே, முட்டுக்காட்டின் வெற்றிகள் ஆண்டோடும் அறிஞர் பெயரோடும் ஏடுகளில் இடம்பெறுகின்றன; இடம்பெறுவது முறையே. ஆயினும் அவ்வெற்றிகள் ஒவ்வொன்றும் குடுவையைக் கழுவிய கையையும், கழிவுத் தட்டில் தேடிய கரண்டியையும், இரவில் நீரைத் தொட்டுப் பார்த்த விரலையும் நம்பியே நின்றன. நம் இல்லங்களிலும் அவ்வாறே அன்றோ? விளக்கு எரிகிறதா என்று பார்ப்போர் பலர். காற்று வருகிறதா என்று கை வைத்துப் பார்ப்பவர் ஒருவரோ இருவரோ. அவர் யார் என்பதை வீட்டார் அறிந்து வைத்திருத்தல் நலம்.

அடுத்த வெள்ளியன்று மீன்கார மூதாட்டி வந்தபோது பேத்தி ஓடிச் சென்று, "பாட்டி, குளத்து மீன்னு சும்மா சொல்லாதீங்க. அதையும் ராத்திரி முழுக்க முழிச்சிருந்துதான் வளர்க்கறாங்க" என்றாள். மூதாட்டி கூடையை இறக்கி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "போய்ப் பாத்துட்டு வந்துட்டியா கண்ணு?" என்றவர், அன்று விலையிலும் சிறிது குறைத்துக்கொண்டார்.